எழுதி வைத்த நம்பிக்கை

நம் கடைகளில் அன்றாடம் புழங்கும் சில சொற்களை எண்ணிப் பார்ப்போம். அசல் எவ்வளவு? பாக்கி எவ்வளவு? வசூல் ஆயிற்றா? ஜாமீன் யார்? பில்லின் நகல் எங்கே? ஆர்டர் ரத்தா? கொடுத்த வாய்தா என்ன ஆயிற்று? விடிந்தது முதல் கடை அடைக்கும் வரை இந்தச் சொற்கள் இல்லாமல் நமக்கு வியாபாரம் இல்லை. அசல், பாக்கி, வசூல், ஜாமீன், நகல், ரத்து, வாய்தா ஆகிய இந்த ஏழு சொற்களும் அரபு மொழியில் பிறந்தவை. பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியாகவும், நவாபுகள் காலத்து அலுவல் மொழி வழியாகவும் தமிழுக்கு வந்து சேர்ந்தவை. காகிதத்தை எண்ணும் ‘ரீம்’ கூட, கட்டு என்று பொருள்படும் ‘ரிஸ்மா’ என்ற அரபுச் சொல் ஐரோப்பாவைச் சுற்றி ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்ததுதான்.

ஒரு சமூகம் இன்னொரு சமூகத்திடம் சொல்லை வாங்கும்போது, சொல்லை மட்டும் வாங்குவதில்லை. அதோடு ஒரு பழக்கத்தையும் வாங்குகிறது. மனித நாகரிகத்துக்கு இஸ்லாமிய உலகம் அளித்த கொடைகளைப் பற்றிப் பேசுவோர், இப்னு சீனாவின் மருத்துவத்தையும், இப்னுல் ஹைதமின் ஒளியியலையும், வானநூல் அறிஞர்களையும், கட்டடக் கலையையும் எடுத்துக் கூறுவார்கள். அவை அனைத்தும் உண்மை. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் நன்றியோடு நினைக்க வேண்டிய கொடை வேறொன்று இருக்கிறது. முன்பின் அறியாத இருவர், நடுவில் கடலும் பாலைவனமும் கிடக்க, ஒருவரை ஒருவர் நம்பிச் சரக்கை அனுப்புவதற்கு வழி செய்த ஏற்பாடுகள்தாம் அவை. எண், காகிதம், கூட்டு ஒப்பந்தம், பணமுறி, முத்திரையிட்ட எடைக்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த அந்த ஏற்பாடுகளை இக்கட்டுரையில் காண்போம்.

கடனை எழுதி வை

இஸ்லாம் வணிகர்களின் நகரில் பிறந்த சமயம். மக்கா நகரம் சிரியாவுக்கும் ஏமனுக்கும் ஒட்டக வரிசைகளை அனுப்பிப் பிழைத்த ஊர். நபிகள் நாயகம் அவர்களே தூதராக அறியப்படுவதற்கு முன்பு வணிகராக இருந்தவர். கதீஜா அம்மையாரின் சரக்கை எடுத்துக்கொண்டு சிரியாவுக்குச் சென்று விற்றுத் திரும்பியவர் என்பது அவருடைய வரலாறு.

குர்ஆனில் உள்ள வசனங்களிலேயே மிக நீண்டது எதைப் பற்றியது என்று கேட்டால் பலர் வியப்படைவார்கள். அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடன் பத்திரம் எழுதுவதைப் பற்றியது. இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. தவணை வைத்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்கக் கூடாது, கைக்குக் கை மாறும் ரொக்க வியாபாரத்தை எழுதாமல் விட்டால் குற்றமில்லை, எழுதியவருக்கும் சாட்சிக்கும் யாரும் தொல்லை தரக் கூடாது. இவ்வளவும் அந்த ஒரே வசனத்தின் சாரம்.

அதில் நாம் உற்றுக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர், கடன் வாங்கியவர். அவர் சொல்லச் சொல்லத்தான் எழுத வேண்டும். கொடுத்தவர் கை ஓங்கியது, வாங்கியவர் கை தாழ்ந்தது. ஆகவே தாழ்ந்த கைக்காரர் தம் வாயால் ஒப்புக்கொண்டதே பதிவாக வேண்டும். பின்னாளில் ‘நான் அவ்வளவு வாங்கவில்லை’ என்ற தகராறுக்கு அங்கே இடமில்லை. கடைக்காரரிடம் ஒரு நோட்டு, வாடிக்கையாளரிடம் ஒரு நோட்டு என்று இரண்டிலும் பற்று வரவு எழுதும் நம் ஊர் மளிகைக் கடைப் பழக்கத்துக்கும் இதே நியாயம்தான் அடிப்படை.

இஸ்லாமியச் சட்ட மரபுகளில் பெரிய ஒன்றுக்குப் பெயர் தந்த இமாம் அபூ ஹனீஃபா (மறைவு 767) கூஃபா நகரில் பட்டுத் துணி வியாபாரம் செய்தவர். குறையுள்ள துணி ஒன்றைக் குறையைச் சொல்லி விற்கும்படி அவர் கூறியிருக்க, கூட்டாளி சொல்ல மறந்து விற்றுவிட்டார் என்றும், வாங்கியவர் யாரென்று தெரியாமல் போகவே அந்தச் சரக்கு விற்ற பணம் முழுவதையும் அவர் தருமம் செய்துவிட்டார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. கடை நடத்தத் தெரிந்தவர்கள் சட்டம் எழுதியதால், அந்தச் சட்டத்தில் கடையின் வாசனை இருக்கிறது.

நம் எண்கள் சென்ற வழி

எழுதி வைக்க எண் வேண்டும். ஒன்று முதல் ஒன்பது வரையிலான குறிகளும் சுழியும் இடமதிப்பும் இந்தியாவின் கொடை. அதை அரபு அறிஞர்கள் மறைக்கவில்லை. இந்தியக் கணக்கு என்றே தங்கள் நூல்களுக்குப் பெயரிட்டார்கள். சூனியம் என்பதை ‘ஸிஃப்ர்’ என்று மொழிபெயர்த்தார்கள். ஐரோப்பிய மொழிகளில் பூச்சியத்தைக் குறிக்கும் ‘ஸீரோ’ அந்தச் சொல்லின் பேரன்.

பாக்தாதில் மாமூன் கலீஃபாவின் ஆட்சியில் (813-833) வாழ்ந்தவர் அல் குவாரிஸ்மி. இந்தியக் கணக்கு முறை பற்றி அவர் எழுதிய நூல் பின்னர் லத்தீனில் பெயர்க்கப்பட்டது. அவர் பெயரே திரிந்து ‘அல்காரிதம்’ ஆயிற்று. இன்று கணினி செய்யும் கணக்கு ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெயர்தான். அவருடைய இன்னொரு நூலின் தலைப்பில் இருந்த ‘அல் ஜப்ர்’ என்ற சொல்தான் அல்ஜீப்ரா. பள்ளியில் நம்மில் பலரை மிரட்டிய அந்தக் கணக்கு, மிரட்டுவதற்காக எழுதப்பட்டதன்று. சொத்துப் பாகம், மரண சாசனம், வழக்கு, வியாபாரம், நில அளவை, கால்வாய் வெட்டு ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படுவதை எளிமையாகச் சொல்லவே எழுதியதாக நூலாசிரியர் முன்னுரையில் குறிப்பிடுகிறார். நூலின் பெரும்பகுதி பாகப் பிரிவினைக் கணக்கு. வியாபாரத்துக்கென்று தனிப் பகுதியும் உண்டு. இத்தனை பொருள் இத்தனை காசு என்றால் இன்னும் இத்தனை பொருள் என்ன விலை என்று, மூன்று தெரிந்தால் நான்காவதைக் காணும் முறை அதில் விளக்கப்படுகிறது. நம் நாட்டுக் கணித நூல்கள் ‘திரைராசிகம்’ என்று கூறுவதும் அதுவே.

ஐரோப்பாவுக்கு இந்த எண்கள் பரவியது ஒரு வணிகர் மகனால். இத்தாலியின் பீசா நகரத்து லியோனார்டோ, ஃபிபோனாச்சி என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்டவர், வட ஆப்பிரிக்காவில் இன்று அல்ஜீரியாவில் உள்ள புஜியா துறைமுகத்தில் படித்தார். அவருடைய தந்தை அங்குள்ள சுங்கச் சாவடியில் பீசா வணிகர்களின் சார்பில் பணி பார்த்தவர். மகன் 1202இல் எழுதிய கணக்கு நூலில் சரக்கு விலை, பண்டமாற்று, கூட்டு லாபம், நாணய மாற்று ஆகியவற்றுக்கெல்லாம் இந்திய எண்களால் கணக்குப் போட்டுக் காட்டினார். 38ஐ 47ஆல் பெருக்கினால் 1,786 என்று நம் கடைப் பையன் காகித ஓரத்தில் போட்டுவிடுவான். அதையே ரோமானிய எழுத்துகளில் பெருக்கச் சொன்னால் காகிதத்தில் முடியாது. மணிச்சட்டமோ காய்களோ தேவைப்படும்.

ஆயினும் புதுமையை ஊர் உடனே ஏற்கவில்லை. ஃபிளாரன்ஸ் நகரத்து நாணய மாற்றுக்காரர் சங்கம் 1299இல் தன் உறுப்பினர்கள் கணக்கேடுகளில் இந்தப் புதிய எண்களை எழுதக் கூடாது என்று விதி செய்தது. சுழியை ஆறாகவோ ஒன்பதாகவோ திருத்துவது எளிது என்ற அச்சம் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த அச்சம் இன்றும் போகவில்லை. காசோலையில் தொகையை எண்ணால் எழுதிய பிறகு எழுத்தாலும் எழுதுகிறோம் அல்லவா?

அழித்தால் தெரியும் தாள்

எண் இருந்தால் போதாது. எழுத மலிவான பொருள் வேண்டும். தோல் விலை அதிகம். எகிப்தின் நாணல் தாள் எல்லா ஊரிலும் கிடைக்காது. காகிதம் சீனாவின் கண்டுபிடிப்பு. 751இல் மத்திய ஆசியாவில் தலாஸ் ஆற்றங்கரையில் நடந்த போரில் சிறைப்பட்ட சீனர்களால் அந்தத் தொழில் சமர்க்கந்துக்கு வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்கு முன்பே வணிகப் பாதையில் அது வந்திருக்கும் என்பாரும் உண்டு. எப்படியாயினும் எட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள், ஹாரூன் ரஷீத் காலத்தில், பாக்தாதில் காகிதத் தொழில் நிலைபெற்றுவிட்டது. ஒன்பதாம் நூற்றாண்டில் அந்நகரின் காகிதக் கடைத்தெருவில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன.

அரசு அலுவலகங்கள் காகிதத்துக்கு மாறியதற்கு ஒரு சுவையான காரணம் கூறப்படுகிறது. தோலில் எழுதியதைச் சுரண்டிவிட்டு வேறு எழுதலாம். காகிதத்தில் மை ஊறிவிடும். சுரண்டினால் காட்டிக் கொடுத்துவிடும். கணக்கைத் திருத்த முடியாத பொருள் என்பதே காகிதத்தின் பெருமையாக இருந்தது.

952ஆம் ஆண்டையொட்டி தமாஸ்கஸில் அல் உக்லீதிஸீ என்பவர் எழுதிய கணக்கு நூல், இந்திய முறைக் கணக்கை மணற்பலகையிலிருந்து காகிதத்துக்கு மாற்றிச் செய்து காட்டுகிறது. மணலில் போட்டால் ஒரு படி அழிந்துதான் மறு படி வரும்; தவறு எங்கே நேர்ந்தது என்று பின்னால் பார்க்க முடியாது. தாளில் போட்டால் எல்லாப் படியும் நிற்கும். கணக்கைத் திரும்பச் சரிபார்க்கும் வழக்கத்துக்கு இது பெரிய வசதி. பின்னர் ஸ்பெயினின் ஹாத்திவா நகரம் வழியாகக் காகிதம் மேற்கு ஐரோப்பாவை அடைந்தது.

முதல் ஒருவருடையது, உழைப்பு ஒருவருடையது

பணம் இருப்பவருக்குப் பயணம் செய்ய முடியாது. பயணம் செய்யத் துணிந்தவரிடம் பணம் இருக்காது. இந்த இருவரையும் சேர்ப்பது எப்படி என்பது வணிகத்தின் பழைய சிக்கல். வட்டிக்குக் கொடுத்தால் கப்பல் மூழ்கினாலும் கடன் மூழ்காது. உழைத்தவன் தலையில் முழு இழப்பும் விழும். வட்டியை இஸ்லாம் தடுத்ததால், அங்கே வேறு வழியை வளர்க்க வேண்டியதாயிற்று. இஸ்லாத்துக்கு முன்பே அரபு வணிகர்களிடம் இருந்த ஒரு பழக்கத்தைச் சட்ட அறிஞர்கள் எடுத்துச் செம்மைப்படுத்தினார்கள். ‘முளாரபா’ என்றும் ‘கிராள்’ என்றும் அதற்குப் பெயர்.

நம் கணக்கிலேயே சொல்வோம். ஒருவர் 1,00,000 ரூபாய் முதல் போடுகிறார். மற்றவர் சரக்கு வாங்கி வெளியூர் சென்று விற்கிறார். லாபம் பாதிக்குப் பாதி என்று முன்பே பேசியிருக்கிறார்கள். 30,000 லாபம் வந்தால் ஆளுக்கு 15,000. மாறாக 20,000 நட்டம் வந்தால், அந்த நட்டம் முதல் போட்டவருடையது. உழைத்தவருக்கு அவருடைய உழைப்பே நட்டம். ஆனால் உழைப்பவர் பேசியதை மீறிச் செய்திருந்தாலோ, கவனக்குறைவாக இருந்திருந்தாலோ பொறுப்பு அவருடையது. லாபத்தைப் பங்கு விகிதமாகத்தான் பேச வேண்டும். ‘எனக்கு மாதம் இவ்வளவு நிச்சயம்’ என்று ஒருவர் தொகை கட்டிக்கொள்ள முடியாது.

805ஆம் ஆண்டளவில் மறைந்த சட்ட அறிஞர் அஷ் ஷைபானீ காலத்திலேயே கூட்டு வணிகம் பற்றிய விதிகள் விரிவாக எழுதப்பட்டுவிட்டன. சரக்கைக் கடனுக்கு விற்கலாமா, வழிச்செலவு யார் கணக்கு, கூட்டாளி இறந்தால் என்ன செய்வது என்றெல்லாம் அந்த நூல்கள் கேட்டு விடை கூறின. இத்தாலிய நகரங்களின் கடல் வணிகம் வளர்ந்த காலத்தில் அங்கே தோன்றிய ‘கொமெண்டா’ என்ற கூட்டு முறை இதை மிகவும் ஒத்திருக்கிறது. இதிலிருந்தே அது வந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.

பணத்தைச் சுமக்காமல் பயணம்

பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ 1051ஐ ஒட்டி பஸ்ரா நகரத்துக்குச் சென்றார். அங்கே ஒரே நாளில் மூன்று இடங்களில் சந்தை கூடியது: காலையில் ஓர் இடம், நண்பகலில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம். வியாபாரம் நடந்த விதத்தையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். யாரும் பணப்பையோடு அலையவில்லை. கையிலிருப்பதை நாணய மாற்றுக்காரரிடம் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்வார்கள். வாங்கிய சரக்குக்கெல்லாம் அந்த நாணய மாற்றுக்காரர் பேரில் முறி எழுதிக் கொடுப்பார்கள். ஊரை விட்டுப் போகும் வரை அந்த முறிதான் பணம். நம் கடை வாசலில் ஒட்டியிருக்கும் கட்ட அட்டையை வாடிக்கையாளர் செல்போனில் படம் பிடித்துப் பணம் செலுத்துகிறாரே, அதன் தத்துவமும் இதுவே. நோட்டு கை மாறவில்லை. இருவருக்கும் பொதுவான ஒருவரின் கணக்கேட்டில் எழுத்து மாறுகிறது.

ஊருக்கு ஊர் பணம் அனுப்ப ‘சுஃப்தஜா’ என்ற முறி இருந்தது. இங்கே கட்டினால் அங்கே வாங்கிக்கொள்ளலாம். வழிப்பறிக்கு அஞ்ச வேண்டியதில்லை. எழுத்துப் பத்திரத்துக்கு ‘ஸக்’ என்று பெயர். பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சகாரா பாலைவனத்தின் தென்கரையில் இருந்த அவுதகஸ்த் நகரத்து வணிகர் ஒருவர், வடகரையில் இருந்த சிஜில்மாசா நகரத்து வணிகர் ஒருவருக்குத் தர வேண்டிய கடனுக்கான பத்திரத்தைத் தாம் கண்டதாக எழுதுகிறார். தொகை 42,000 தீனார். தீனார் என்பது 4.25 கிராம் எடையுள்ள தங்க நாணயம். அந்த ஒரு தாளுக்குள் 170 கிலோவுக்கு மேற்பட்ட பொன் அடங்கியிருந்தது. அத்தனை பொன்னை ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனத்தைக் கடப்பதையும், ஒரு தாளை மடித்து இடுப்பில் செருகிக் கடப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒருவர் தர வேண்டிய கடனை இன்னொருவர் பேருக்கு மாற்றிவிடுவதற்கு ‘ஹவாலா’ என்று பெயர். மாற்றுதல் என்பதே அதன் பொருள். இன்று நம் நாட்டில் அந்தச் சொல் சட்டத்துக்குப் புறம்பான பணப் பரிமாற்றத்தையே குறிக்கிறது. சொல் கெட்டுப்போனது பிற்காலத்தில். பிறந்தபோது அது நேர்மையான வணிகரின் வசதி.

தராசுத் தட்டின் மேல் ஒரு கண்

எழுத்து எவ்வளவு செம்மையாக இருந்தாலும், தராசு பொய் சொன்னால் எல்லாம் பொய். அளவையில் குறைப்போரைக் கண்டிப்பதற்கென்றே குர்ஆனில் ஓர் அத்தியாயம், 83ஆவது, அவர்கள் பெயரிலேயே அமைந்திருக்கிறது. எகிப்தில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆளுநரின் பெயர் பொறித்த கண்ணாடி எடைக்கற்கள் வழக்கில் இருந்தன. உலோகத்தைத் தேய்க்கலாம், சுரண்டலாம். கண்ணாடியில் கை வைத்தால் தடயம் தெரிந்துவிடும். அக்கற்களில் பல இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

கடைத்தெருவைக் கண்காணிக்க ‘முஹ்தசிப்’ என்ற அலுவலர் இருந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவின் அஷ் ஷைஸரீ அவருக்கென்று ஒரு கையேடு எழுதினார். தொழில் வாரியாக நாற்பது அத்தியாயங்கள். அதைப் படித்தால் நம் தெருவைப் பற்றி எழுதியது போலவே இருக்கும். தராசுத் தட்டை அடிக்கடி துடைக்க வேண்டும், எண்ணெய்ச் சொட்டு உறைந்து எடையை மாற்றிவிடும். நிறுக்கும் முன் தராசு அசையாமல் நிற்க வேண்டும். சரக்கை உயரத்திலிருந்து தட்டில் போடக் கூடாது. கட்டைவிரல் தட்டின் ஓரத்தைத் தொடக் கூடாது. எடைக்கல் தேயும் கல்லாக இல்லாமல் இரும்பாக, முத்திரையோடு இருக்க வேண்டும். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, மயிரிழையை அதில் முக்கி எடுத்துப் பால் ஒட்டுகிறதா என்று காணும் சோதனையும் அதில் உண்டு. ரொட்டிக் கடையில் மாவு பிசைபவர் வாய்க்குத் துணி கட்ட வேண்டும், நெற்றி வியர்வை விழாமல் பட்டி கட்ட வேண்டும், ஈ ஓட்ட ஓர் ஆள் நிற்க வேண்டும். இன்றைய உணவுப் பாதுகாப்பு அலுவலர் கேட்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

விலை நிர்ணயத்தில் மட்டும் அந்த மரபு தயக்கம் காட்டியது. மதீனாவில் விலை ஏறியபோது விலையைக் கட்டித் தரும்படி மக்கள் கேட்க, நபிகள் நாயகம் மறுத்துவிட்டார்கள் என்பது நபிமொழித் தொகுப்புகளில் உள்ள செய்தி. அதே சமயம் பஞ்ச காலத்தில் உணவைப் பதுக்குவதை அந்த மரபு கடுமையாகத் தடுத்தது. வணிகருக்கு விலை சொல்லும் உரிமை. மக்களுக்குப் பட்டினியிலிருந்து காப்பு. இரண்டும் ஒரே தராசில் வைக்கப்பட்டன.

இவ்வளவு விதிகள் இருந்ததால் ஏமாற்றே இல்லை என்று பொருளன்று. ஏமாற்று இருந்ததால்தான் விதிகள் வந்தன. விதிகளைக் காப்பவர்களே கெட்டுப்போனதும் உண்டு. 1399இல் கெய்ரோவின் முஹ்தசிபாக நியமிக்கப்பட்ட வரலாற்றாசிரியர் அல் மக்ரீஸீ, சில ஆண்டுகள் கழித்து எகிப்தைத் தாக்கிய பஞ்சத்தைப் பற்றி எழுதியபோது, இயற்கையை மட்டும் குறை கூறவில்லை. பதவிகள் காசுக்கு விற்கப்பட்டது, நிலக் குத்தகை ஏறியது, நல்ல நாணயம் போய்ச் செம்புக் காசு பெருகியது ஆகிய மூன்றையும் காரணமாகச் சுட்டிக்காட்டினார். பதவியைக் காசு கொடுத்து வாங்கியவர் அந்தக் காசைக் கடைத்தெருவில்தான் திரும்ப எடுப்பார் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் கடற்கரை வரை வந்த எழுத்து

இந்த ஏற்பாடுகள் முஸ்லிம்களுக்கு மட்டும் உதவியவை அல்ல. பழைய கெய்ரோவில் யூதர்களின் தொழுகைக் கூடம் ஒன்றில், இறைவன் பெயர் எழுதியிருக்கக் கூடும் என்பதற்காகத் தாள்களை எறியாமல் ஓர் அறையில் போட்டு வைக்கும் வழக்கம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த அறையிலிருந்து லட்சக்கணக்கான துண்டுத் தாள்கள் உலகுக்குக் கிடைத்தன. அவற்றில் வணிகர்களின் கடிதங்களும் கணக்குகளும் ஏராளம். யூத வணிகர்கள் அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதினார்கள். முஸ்லிம் வணிகர்களோடு கூட்டு வைத்தார்கள்.

அவர்களில் ஒருவர் துனீசியாவில் பிறந்த ஆபிரகாம் பென் யீஜு. 1132ஐ ஒட்டி மங்களூருக்கு வந்து, 1149 வரை பெரும்பாலும் அப்பகுதியில் வாழ்ந்து, வெண்கலப் பட்டறையும் நடத்தினார். மிளகு, பாக்கு, இரும்பு ஆகியவற்றை ஏடனில் இருந்த கூட்டாளிகளுக்கு அனுப்பினார். அவர்கள் கணக்கோடு சர்க்கரையும் உலர்திராட்சையும் நல்ல காகிதமும் அனுப்பினார்கள். மலபார் மிளகு ஒரு கடிதத்தின் பலத்தில் கடல் கடந்தது.

அதற்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சான்று ஒன்று கொல்லத்தைச் சேர்ந்தது. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் வேணாட்டு ஆட்சியாளர் ஒரு கிறித்தவப் பள்ளிக்கு அளித்த உரிமைகளைக் கூறுபவை. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்கள் அதில் இடம்பெறுகின்றன. ஆவணத்தின் எழுத்து நம் வட்டெழுத்து. ஆனால் சாட்சிக் கையெழுத்துகளோ அரபியின் கூஃபி எழுத்திலும், பாரசீகத்தின் பஹ்லவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் உள்ளன. கிறித்தவர் பெற்ற உரிமைக்கு முஸ்லிமும் பார்சியும் யூதரும் சாட்சி. கொடுத்தவர் இந்து அரசர். கடைத்தெருவில் மதம் பார்க்காமல் கையெழுத்தைப் பார்த்த காலத்தின் சாசனம் அது.

வணிகருக்காக எழுதியவர்கள்

வணிகத்தின் சிறப்புகளைப் பற்றியே ஒரு நூல் எழுதியவர் அத் திமஷ்கீ. அவர் வணிகரை மூவகையாகப் பிரித்தார்: சரக்கை இருப்பு வைத்து விற்பவர், ஊர் ஊராகச் சென்று விற்பவர், இருந்த இடத்திலிருந்து ஆள் மூலம் அனுப்பி விற்பவர். இருப்பு வைப்பவருக்கு அவர் கூறும் அறிவுரை நம் மண்டிக்காரர்களுக்கும் பொருந்தும்: கையிலுள்ள பணத்தை ஒரே கொள்முதலில் போடாதே, நான்கு தவணையாக, இடைவெளி விட்டு வாங்கு. விலை ஏறினால் முன்பு வாங்கியதில் லாபம், இறங்கினால் பின்பு வாங்குவதில் லாபம்.

துனிஸில் பிறந்த இப்னு கல்தூன் (1332-1406) தம் புகழ்பெற்ற முன்னுரை நூலை 1377இல் எழுதினார். ஆட்சியின் தொடக்கத்தில் வரி குறைவாகவும் வருவாய் மிகுதியாகவும் இருக்கும். முடிவில் வரி மிகுதியாகவும் வருவாய் குறைவாகவும் இருக்கும் என்று அவர் கண்டு சொன்னார். அரசே வியாபாரத்தில் இறங்கினால் சிறு வணிகர் போட்டியிட முடியாமல் ஒடிந்துபோவார்கள், அரசின் வரி வருவாயும் சேர்ந்தே குறையும் என்றார். நெடுநாள் நீடிக்கும் மலிவு விலை வணிகரை அழிக்கும் என்று எழுதிய அவரே, தானியத்துக்கு மட்டும் மலிவு நல்லது, ஏனெனில் அது எல்லோர் வயிற்றுக்கும் வேண்டியது என்று விலக்கும் அளித்தார். பஞ்சத்துக்காகத் தானியத்தைப் பதுக்கியவன் பணம் அவனுக்கு ஒட்டாது, கொடுத்தவர்களின் மனம் அதிலேயே கிடக்கும் என்பதும் அவர் கருத்து.

நமக்கு இதில் என்ன?

இவற்றில் பெரும்பகுதி இஸ்லாமிய உலகம் தனியாகக் கண்டுபிடித்தவை அல்ல. எண் இந்தியாவிடமிருந்து, காகிதம் சீனாவிடமிருந்து, அலுவலக முறைகள் பாரசீகத்திடமிருந்து, கணிதச் சிந்தனை கிரேக்கரிடமிருந்து. எங்கே நல்லது இருந்தாலும் வாங்கி, ஒன்றோடு ஒன்று சேர்த்து, மெருகேற்றி, அடுத்தவருக்குக் கொடுத்ததே அந்நாகரிகத்தின் பெருமை. வாங்கிய இடத்தின் பெயரை மறைக்காமல் சொன்னதும் பெருமைதான். நல்ல வணிகரின் இலக்கணமும் அதுவே அல்லவா?

நம் சிறு வணிகர்கள் பலர் கெட்டது சரக்கு விற்காமல் அன்று; எழுதி வைக்காமல். அண்ணன் தம்பி சேர்ந்து ஆரம்பித்த கடையில் யார் முதல் எவ்வளவு என்று எழுதாமல், பிள்ளைகள் தலையெடுத்ததும் கடையும் போய் உறவும் போன கதை ஊருக்கு ஊர் உண்டு. ‘நமக்குள் எழுத்து எதற்கு?’ என்ற பேச்சு நம்பிக்கை போலத் தோன்றும். ஆனால் எழுத்து நம்பிக்கைக்கு எதிரி அன்று. மறதிக்கும் மரணத்துக்கும் எதிரான காவல். நாம் இல்லாத நாளில் நம் பிள்ளைக்காக நம் கையெழுத்துத்தான் பேசும்.

ஆகவே வணிக அன்பர்களே, கூட்டு என்றால் பங்கும் பொறுப்பும் நட்டமும் எப்படி என்று தொடங்கும் நாளிலேயே எழுதுங்கள். பற்று கொடுத்தால் வாங்கியவர் கண் முன்னே, அவர் வாயால் சொல்லச் செய்து பதியுங்கள். பணம் செல்போனில் வந்தாலும் அன்றைய சிட்டையில் ஏற்றுங்கள். தராசின் முத்திரைக் காலம் முடிந்ததா என்று பாருங்கள், தட்டைத் துடையுங்கள். பாலைவனத்துக்கு அப்பால் இருந்தவரிடம் 42,000 தீனாரை ஒரு தாளின் பலத்தில் நம்பி விட்டவரும் நம்மைப் போன்ற வியாபாரிதான். நம் வாடிக்கையாளரோ அடுத்த தெருவில்தான் இருக்கிறார்.